தொபியாஸ் எஞ்சினின் சத்தம்

மண்ணெண்ணெய் வாடைதான் அண்ணாச்சி. பயப்படாதீங்க, பையில் எண்ணெய் எதுவும் இல்லை. என் கைதான் நாறுகிறது. சோப்பு, சீயக்காய், எலுமிச்சம்பழத் தோல், எல்லாம் போட்டுத் தேய்த்தாச்சு, போகமாட்டேன் என்கிறது. ஜன்னலை நல்லாத் திறந்துவிடுகிறேன். மூக்கை மட்டும் பொத்தாதீங்க, எனக்கு ஒரு மாதிரி இருக்கும்.

திருநெல்வேலிக்கா? நானும் அங்கேதான். ஐடிஐயில் சேரப் போகிறேன். சேரப் போகிறேன் என்றா சொன்னேன்? சேர்க்கப் போகிறார்கள்.

கொஞ்சம் முன்னாடி கண்டக்டர், "உள்ள போ, உள்ள போ, படியில நிக்காத" என்று கத்தினார் இல்லையா? ரெண்டாம் தடவை கத்தினது அவர் இல்லை. நான். அவரே திரும்பிப் பார்த்தார், கவனிச்சீங்களா? தன் வாயைத் தானே தொட்டுப் பார்த்துக்கொண்டார். மற்ற நாளாக இருந்தால் இந்த ஒன்றுக்கே எனக்குச் சாயங்காலம் வரைக்கும் சிரிப்பு அடங்காது. இன்றைக்கு வரவில்லை. வாய் பழக்கதோஷத்தில் செய்கிறது. ஆள் உள்ளே அசந்துபோய்க் கிடக்கிறேன்.

ஊரில் எனக்கு மைக்கு என்று பேர். பெனிட்டன் என்று கூப்பிட்டால் நானே திரும்பமாட்டேன். எல்லோர் குரலும் வரும் எனக்கு. ஒருநாள் கோயில் மைக்கில் பங்குச்சாமியார் குரலில், "பிரியமானவர்களே, இன்று பூசையில் பிரசங்கம் கிடையாது" என்று சொன்னேன். அன்றைக்கு மாதிரி கோயில் நிறைந்து யாரும் பார்த்ததில்லை. சாமியார் முதலில் சந்தோஷப்பட்டார், பிறகுதான் விசாரித்தார். மீன் ஏலம் விடுகிற மிக்கேல் பெரியப்பா குரலில், அவர் முதுகுக்குப் பின்னாடி நின்றுகொண்டே ஒரு கூடைச் சாளையை நான் ஏலம் முடித்துவிட்டிருக்கிறேன். அவரும் சரி என்று எடுத்துக் கொடுத்துவிட்டார்.

இதனால்தான் பிரச்சினை. ஊரில் எங்கே எது கோளாறு ஆனாலும் முதலில் என் மூஞ்சியைப் பார்ப்பார்கள். செய்ததுக்கு அடி வாங்கினால் பரவாயில்லை அண்ணாச்சி. நான் செய்யாததுக்கு இந்த வைகாசி, ஆனி முழுக்கப் பேச்சு வாங்கியிருக்கேன். அதைக் கேளுங்க. நீங்க கேட்டுவிட்டு யார் பக்கம் நியாயம் என்று சொல்லுங்க.

எங்க அப்பா தொபியாஸின் எஞ்சின் ஒன்று இருந்தது. வள்ளத்துக்குப் பின்னாடி மாட்டுவோமே, கயிறு இழுத்து ஸ்டார்ட் பண்ணுகிற எஞ்சின், அது. எங்க கரையில் ஒவ்வொரு எஞ்சினுக்கும் ஒரு சத்தம் உண்டு. வள்ளம் கண்ணுக்குத் தெரியும் முன்னாடியே, இது இன்னார் எஞ்சின் என்று பொம்பளைகள் சொல்லிவிடுவார்கள். எங்க அப்பா எஞ்சின் சத்தத்தில் நடுவில் ஒரு விக்கல் இருக்கும். டுபு டுபு டுபு என்று வந்து, ஒரு இடத்தில் மூச்சை இழுத்து, மறுபடி டுபு டுபு. அந்த விக்கல் கேட்டதும் அம்மா அடுப்பில் கருப்பட்டிக் காப்பி வைப்பாள். அப்பா கரையில் கால் வைக்கவும் காப்பி கொதிக்கவும் சரியாக இருக்கும்.

அப்பா இறந்து நாலு வருஷம் ஆகிறது. ஆழக் கடலில் இல்லை, கரைக்குப் பக்கத்தில்தான். அலை உடைகிற இடம் இருக்கிறது பாருங்க, அங்கே. எஞ்சின் நின்றுவிட்டது. வள்ளம் குறுக்கே திரும்பியது, அடுத்த அலை கவிழ்த்துவிட்டது. அம்மாவுக்கு வீட்டிலேயே தெரிந்துவிட்டது. காப்பி அடுப்பில் இருந்தது, சத்தம் பாதியில் நின்றது. அவ்வளவுதான்.

இல்லை, வருத்தமெல்லாம் படாதீங்க. பழைய கதை. நான் சொல்ல வந்தது எஞ்சின் கதை.

எங்க தாய்மாமா கஸ்பார், அம்மாவுக்கு நேர் தம்பி. அன்றைக்கு வீட்டுக்குள்ளே அப்பாவைக் கிடத்தியிருக்கிறது, ஊரே அழுகிறது, மாமா மட்டும் கொல்லையில் டிரம்மில் நல்ல தண்ணீரை நிரப்பி, உப்புத்தண்ணி குடித்த எஞ்சினை முக்கி முக்கிக் கழுவிக்கொண்டிருந்தார். கடல்தண்ணி ஒரு ராத்திரி உள்ளே நின்றால் எஞ்சின் இரும்புக் கடைக்குத்தான் போகும் என்பது அவர் கணக்கு. கழுவி, பிளக்கைக் கழற்றி, உள்ளே ஆயிலை ஊற்றி, தார்ப்பாயில் சுற்றிப் பூவரச மரத்தடியில் ஒரு சட்டத்தில் மாட்டிவைத்தார். அதற்கப்புறம் அம்மா அவரோடு ரொம்ப நாள் பேசவில்லை. எஞ்சின் அப்படியே நின்றது. கோழி அடைவதும் துணி காயப்போடுவதும் அதன் மேல்தான்.

இந்த வருஷம் பன்னிரண்டாவது எழுதி முடித்தேன். இனி படிப்பு இல்லை, மாமாவோடு கடலுக்குப் போகிறேன் என்று சொன்னேன். மாமாவிடம் பழைய பைபர் வள்ளம் ஒன்று இருக்கிறது, எஞ்சின்தான் இல்லை. எங்களிடம் எஞ்சின் இருக்கிறது, வள்ளம் இல்லை. கணக்கு எவ்வளவு சுலபம் பாருங்க. அம்மா உடனே வேண்டாம் என்று சொல்லவில்லை. மீனை உரசிக்கொண்டே, தலையைத் தூக்காமல் சொன்னாள். "ராயப்பர் திருநாளுக்குள்ள அந்த எஞ்சின் ஓடினா, போ. ஓடலன்னா ஐடிஐ. அப்புறம் பேச்சு கெடையாது."

நான் அங்கேயே கையடித்துக் கொடுத்தேன். பந்தயம் என்றால் பந்தயம். ராயப்பர் என்றால் புனித பேதுரு, அவர் திருநாள் எங்களுக்குப் பெரிய திருநாள் அண்ணாச்சி, அவரும் வலை வீசின ஆள்தானே. ஆனி நடுவில் வரும். நாள் நிறையக் கிடந்தது.

தார்ப்பாயை அவிழ்த்தோம். புகை போகிற ஓட்டைக்குள் குளவி கூடு கட்டி, குடும்பம் பெருகி, பேரன் பேத்தி எடுத்திருந்தது. கார்பரேட்டரைத் திறந்தால் அடியில் பழைய மண்ணெண்ணெய் காய்ந்துபோய், அல்வாச் சட்டியைக் கழுவாமல் விட்டமாதிரி ஒட்டிக் கிடந்தது. தண்ணி இழுக்கிற பம்பில் இருந்த ரப்பர் அப்பளம் மாதிரி நொறுங்கியது. கயிற்றை இழுத்தால் அசையவே இல்லை. பிஸ்டன் பிடித்துக்கொண்டிருந்தது.

கஸ்பார் மாமா பேசமாட்டார். வாயில் பீடி, பீடிக்குப் பக்கத்தில் ஒரு வார்த்தை. "ம்... ஆவும்." இதுதான் அவர் குரல். செய்துகாட்டினேனே, இதுதான். பிளக்கு ஓட்டை வழியாக டீசலை ஊற்றிவிட்டு, காலையில் ஒருக்க, சாயங்காலம் ஒருக்க மெதுவாக அசைத்துப் பார்ப்போம். "ம்... ஆவும்." வைகாசி முழுக்க அந்த ஒரே வார்த்தை. கடைசியில் ஒருநாள், கிழவி எழுந்திரிக்கிறமாதிரி ஒரு விரல் அகலம் அசைந்து கொடுத்தது. மாமா பீடியை வாயிலிருந்து எடுத்தார். அவ்வளவு சந்தோஷம் அவருக்கு.

அடுத்து பிஸ்டன் ரிங்கு மாற்றினோம். கார்பரேட்டர் வேறு வாங்கிப்போட்டோம். பம்பு ரப்பர், கியர் ஆயில், எல்லாம் புதுசு. அம்மா வேளைக்குக் காப்பி கொண்டுவந்து வைப்பாள், எது எங்கே மாட்டுகிறது என்று நின்று பார்ப்பாள், போவாள். இது என்னது, எதுக்கு என்று ரெண்டொரு தடவை கேட்கக்கூடச் செய்தாள். எனக்குப் பெருமையாக இருந்தது. உட்காரவைத்துச் சொல்லிக்கொடுத்தேன். இது பிளக்கு, இதில் தீப்பொறி வந்தால்தான் எஞ்சின் பிடிக்கும். இது பெட்ரோல் போகிற டியூப், ஸ்டார்ட் ஆகப் பெட்ரோல், பிடித்தபிறகுதான் மண்ணெண்ணெய். இது வழியாகத் தண்ணி போய்விட்டால் எல்லாம் போச்சு. நல்லாக் கேட்டுக்கொண்டாள்.

முதல் தடவை ஸ்டார்ட் பண்ண நாள் பார்த்து உட்கார்ந்தால், டியூப் கிழிந்திருந்தது. எலி கடித்தது என்றார்கள். எலி கடித்தால் இப்படியா நேர்கோடாகக் கடிக்கும் என்று பக்கத்து வீட்டு ரெஜினா அத்தை என்னைப் பார்த்தாள். நான் என்ன செய்வேன்? எலி குரல்தான் எனக்கு வரும், எலிப் பல் கிடையாது.

டியூபை மாற்றினோம். அடுத்த தடவை இழுத்தால் ஒரு இருமல்கூட இல்லை. மாமா டேங்கைச் சாய்த்து ஊற்றினார், பாதி தண்ணி. அன்றைக்கு மாமாவே என்னைப் பார்த்தார்.  அது அடியைவிட மோசம். "மாமா, எனக்கு எஞ்சின் ஓடணும் மாமா, நான் ஏன் தண்ணி ஊத்தப் போறேன்" என்றேன். நான் அழுதாலும் அது யாரோ மாதிரி செய்துகாட்டுகிறதாகத்தான் ஊருக்குத் தோன்றும். ரெஜினா அத்தை சொன்னாள், "நல்லாத்தான் நடிக்கான்."

அன்றைக்கு மத்தியானம் அம்மா சோறு போடும்போது அவள் கையில் பெட்ரோல் வாடை வந்தது. கையைக் கழுவும்மா என்றேன். அடுப்பு மண்ணெண்ணெய் என்றாள். எங்க வீட்டில் கேஸ் அடுப்பு. அதெல்லாம் இப்போதுதான் தோன்றுகிறது, அப்போது பசி.

நடுவில் ஒன்றைச் சொல்ல மறந்துவிட்டேன். இதற்கெல்லாம் ரொம்ப முன்னாடி, அப்பா போன மறுவருஷம், ஒருநாள் காலையில் வள்ளமெல்லாம் திரும்புகிற நேரம். எனக்கு விளையாட்டாக ஒன்று தோன்றியது. கொல்லைச் சுவருக்குப் பின்னாடி உட்கார்ந்து, ரெண்டு கையையும் வாயில் குவித்து, அப்பா எஞ்சின் சத்தத்தை எடுத்தேன். அந்த விக்கல் சமேதம். நானே எதிர்பார்க்கவில்லை, அவ்வளவு அச்சாக வந்தது. அம்மா வெளியே வந்தாள். கையில் காப்பித் தம்ளர். ஆவி பறக்கிறது. நான் சுவருக்கு மேலே தலையைத் தூக்கிச் சிரித்தேன். அவள் காப்பியை மணலில் ஊற்றிவிட்டு, விளக்குமாறைத் தலைகீழாகப் பிடித்து அடித்தாள் பாருங்க, அது பிய்ந்து ஈர்க்கு ஈர்க்காகப் போகிற வரைக்கும். தெருவில் நாலு பேர் சிரித்தார்கள், அவள் மட்டும் சிரிக்கவில்லை. நல்லா வந்ததுடா என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். எங்க அம்மாவுக்கு விளையாட்டு அவ்வளவாகப் பிடிபடாது.

சரி, விட்ட இடத்துக்கு வருகிறேன். ராயப்பர் திருநாளுக்கு முந்தின நாள் சாயங்காலம். கோயிலில் கொடி ஏறி, தெருவெல்லாம் தோரணம். டிரம்மைக் கரைக்குத் தூக்கிக்கொண்டு போய், தண்ணி நிரப்பி, விசிறி தண்ணிக்குள் முங்கும்படி எஞ்சினை மாட்டினோம். புது டியூப், புது பெட்ரோல், காலையில்தான் புதுப் பிளக்கு ரெண்டும் மாமா முறுக்கிவைத்தார். எல்லாம் சரி. இன்றைக்கு ஓடினால் எனக்குக் கடல், இல்லையென்றால் ஐடிஐ. ஊருக்கே விஷயம் தெரியும், ஊரே நின்றது.

மாமா இழுத்தார். இல்லை. மறுபடி இழுத்தார். இல்லை. சட்டையைக் கழற்றிவிட்டு இழுத்தார். மிக்கேல் பெரியப்பா ஏலம் விடுகிற குரலிலேயே, "கஸ்பாரு, தொபியாஸ் எஞ்சின் தொபியாஸ் வந்தாத்தான் எந்திக்கும்" என்றார். கொஞ்சம் பேர் சிரித்தார்கள், கொஞ்சம் பேர் கலைய ஆரம்பித்தார்கள்.  "ம்... ஆவும்" என்றுகூடச் சொல்லவில்லை அவர். கயிற்றின் பிடியை வைத்துக்கொண்டு சும்மா நின்றார்.

எனக்கு அங்கே என்ன வந்ததோ தெரியவில்லை. தோற்றாச்சு, போகிறபோது ஒரு சிரிப்பாவது சிரித்துவிட்டுப் போவோம் என்று தோன்றியது. டிரம்முக்குப் பின்னாடி குந்தி உட்கார்ந்து, கையைக் குவித்து, மாமா அடுத்த தடவை இழுக்கவும் நான் எடுத்தேன். முதலில் ஒரு இருமல். அப்புறம் டுபு டுபு டுபு. அந்த விக்கல். மறுபடி டுபு டுபு.

போனவர்கள் நின்றார்கள். யாரோ நெற்றியில் சிலுவை போட்டார்கள். மாமா தன் கையில் இருந்த கயிற்றைப் பார்த்தார். எங்க வீடு கரையை ஒட்டித்தான். கதவு திறக்கிற சத்தம் கேட்டது. அம்மா ஓடிவந்தாள். செருப்பில்லை, தலை அவிழ்ந்திருக்கிறது, ஒரு கை இடுப்பில், மடியைப் பிடித்தபடி.

"எப்படி ஓடும்? எப்படிலே ஓடும்? பிளக்கு ரெண்டும் எங்கிட்டல்லா இருக்கு?"

மடியை அவிழ்த்துக் காட்டினாள். புதுப் பிளக்கு ரெண்டும் வெள்ளையாகக் கிடந்தன. எஞ்சினில் அவள் மாட்டிவைத்திருந்தது செத்துப்போன பழைய பிளக்கு.

இதில் என் கஷ்டம் என்னவென்றால் அண்ணாச்சி, எனக்கு நிறுத்தணும் என்று தோன்றவில்லை. எல்லோரும் அம்மாவைப் பார்த்தபடி நிற்கிறார்கள், நான் மட்டும் பின்னாடி உட்கார்ந்து டுபு டுபு என்றுகொண்டிருக்கிறேன். அம்மா டிரம்மைச் சுற்றி வந்து என்னைப் பார்த்தாள். அப்போதுதான் நிறுத்தினேன்.

அடிக்கவில்லை. மாமா அவள் பக்கத்தில் வந்து, மடியிலிருந்து பிளக்கு ரெண்டையும் எடுத்து, கைலியில் துடைத்தார். "மாட்டட்டாக்கா?" என்று கேட்டார். அவள் அவிழ்ந்த தலையை அள்ளி முடிந்தாள். பிறகு, "மாட்டு" என்றாள்.

மாட்டி, ரெண்டாம் இழுப்பில் பிடித்துக்கொண்டது. வெள்ளைப் புகை கிளம்பி எல்லோரும் இருமினோம். நான் குதித்தேன். ஓடுகிறது, ராயப்பர் திருநாளுக்கு முன்னாடியே ஓடுகிறது, ஜெயித்தாச்சு. அம்மா மட்டும் காதைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டு நின்றாள். புது ரிங்கு, புது கார்பரேட்டர், சத்தம் தையல் மெஷின் மாதிரி மெல்லிசாக, சீராக இருந்தது. விக்கல் இல்லை.

"இது அது இல்ல" என்றாள். வீட்டுக்குப் போய்விட்டாள்.

ஏன் அப்படிச் செய்தாள் என்று கேட்கிறீங்க. எல்லாம் மாமா மேல் இருந்த கோபம்தான், வேறென்ன. அன்றைக்கு எஞ்சினைக் கழுவிக்கொண்டிருந்தாரே, அதை மனசில் வைத்து அவரை ஊர் முன்னாடி அவமானப்படுத்தணும் என்று நினைத்திருக்கிறாள். இல்லையென்றால், பந்தயத்தில் தோற்க அவளுக்குப் பிடிக்காது. தாயத்திலேயே அழிச்சாட்டியம் செய்கிறவள். நடுவில் நான் மாட்டிக்கொண்டேன்.

மறுநாள் பூசை முடிந்து, எப்போது மாமா கடலுக்கு என்று கேட்டேன். மாமா பீடியை எடுத்துவிட்டுப் பேசினார். "உன்ன நான் ஏத்தமாட்டேன்ல."

ஏன் என்றேன். நான் ஜெயித்தேனே.

"அவ மடியப் பிடிச்சிட்டு ஓடிவந்தாள்லா. பாத்தியா?"

பார்த்தேன். பிளக்கு விழுந்துவிடாமல் பிடித்துக்கொண்டு வந்தாள், அதுக்கென்ன என்றேன். மாமா என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு மறுபடி பீடியை வைத்துக்கொண்டார். 

சரி, உன் வள்ளம் இல்லையென்றால் ஊரில் வள்ளமா இல்லை என்று கரையெல்லாம் சுற்றினேன். ஒருத்தரும் ஏற்றவில்லை. மிக்கேல் பெரியப்பா தம்பி, "ஆள் நெறஞ்சிட்டுப்பா." அடுத்தவர், "அம்மையக் கூட்டிட்டு வா, அவ சொல்லட்டும்." இன்னொருத்தர் வாயைத் திறக்காமல் என் தலையைத் தடவிவிட்டுப் போனார், அது எப்படி இருந்தது என்று செய்துகாட்ட வராது. ஊரே சேர்ந்து முடிவெடுத்தமாதிரி. அம்மாதான் சொல்லிவைத்திருப்பாள் என்று சண்டைக்குப் போனேன். அவள் அமைதியாகச் சொல்கிறாள், "நான் யார்ட்டயும் பேசலல. ஜெயிச்சது நீதான். போறதுன்னா போ." எதில் போவது, நீந்தியா?

அப்புறம் என்ன செய்ய. ஐடிஐ. டீசல் மெக்கானிக். எஞ்சினுக்கு உயிர் கொடுத்தது நான், அது இப்போது மாமாவோடு கடலில் இருக்கிறது, நான் பஸ்ஸில் இருக்கிறேன். டியூபைக் கிழித்தது நீ இல்லை, தண்ணி ஊற்றினது நீ இல்லை, தப்பாச் சொல்லிவிட்டோம் என்று இதுவரைக்கும் ஒருத்தர் வந்து சொல்லவில்லை. ரெஜினா அத்தைகூட. அதைத்தான் அண்ணாச்சி சொல்கிறேன். எனக்கு அலுத்துப்போச்சு.

இதைவிட ஒன்று கேளுங்க. காலையில் பஸ்ஸேற்றிவிட அம்மா வந்தாள். கட்டுச்சோறு, துவைத்த துண்டு, கருவாட்டுப் பொட்டலம், எல்லாம் கொடுத்தாள். அழுவாள் என்று நினைத்தேன், அழவில்லை. பஸ் வருகிற நேரம், பக்கத்தில் வந்து, யாருக்கும் கேட்காமல் சொல்கிறாள்.

"ஏல, அந்தச் சத்தத்த ஒருக்க போடு."

எந்தச் சத்தம் என்றேன்.

"அப்பா எஞ்சினு. மாமா எஞ்சின்ல இப்ப அது இல்லல்லா."

எப்படி இருக்கும் சொல்லுங்க. அன்றைக்கு அதுக்காகத்தான் விளக்குமாறு பிய்கிறவரைக்கும் அடித்தாள். இன்றைக்கு, பஸ் ஸ்டாண்டில், கான்வென்ட் பிள்ளைகளெல்லாம் வரிசையாக நிற்கிற இடத்தில், கையைக் குவித்துக்கொண்டு டுபு டுபு என்று நிற்கச் சொல்கிறாள். முடியாது போம்மா, மானம் போய்விடும் என்றேன். சரி என்றாள். பஸ் ஏறினேன். ஜன்னல் பக்கம் வந்து நின்றாள். கேட்டதை மறுபடி கேட்கவில்லை. நானும் செய்யவில்லை. பஸ் கிளம்பிவிட்டது.

இப்போது அவள் வீடு போய்ச் சேர்ந்திருப்பாள். வள்ளங்கள் திரும்புகிற நேரம்.

டீக்கு நிறுத்துகிறார் போல. நீங்க இறங்கவில்லையா? அப்படியென்றால் ஒரு உதவி அண்ணாச்சி. உங்க போனைக் கொஞ்சம் தாங்களேன். என்னிடம் இருக்கிறது, ஆனால் என் நம்பர் என்றால் நான்தான் என்று எடுக்கும்போதே தெரிந்துவிடும், விளையாட்டு கெட்டுப்போகும். ஓடியெல்லாம் போகமாட்டேன், நீங்க கையை வைத்தபடியே பிடித்துக்கொள்ளுங்க. நான் ஒரு வார்த்தை பேசமாட்டேன். அவள் அல்லோ என்றதும் வாயைக் குவித்து அந்தச் சத்தத்தை மட்டும் கொடுத்துவிட்டு வைத்துவிடுவேன். சும்மா ஏமாற்றத்தான். ஏமாந்துபோய் அடுப்பில் காப்பி வைக்கிறாளா பார்ப்போம்.

கொஞ்சம் பொறுங்க. டிரைவர் பஸ்ஸை அணைக்கட்டும்.

ம். இப்போது போடுங்க.